நம் எழுத்துக் குழுவுக்கு ஒரு யோசனை

நம் இணைய எழுத்துக் குழுவில் யார் கதை போட்டாலும் 'அருமை', 'சிறப்பு', கூடவே ஒரு கைகூப்பு. அன்பில் சொல்வதுதான். ஆனால் எழுதியவருக்குத் தெரிய வேண்டியது வேறு. எந்த இடத்தில் வாசிப்பு தொய்ந்தது? எந்தப் பாத்திரம் ஒட்டவில்லை?

அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990-இல் உருவாக்கிய விமர்சன முறை ஒன்று இருக்கிறது. முதலில், படைப்பில் மனதில் நின்றது எது என்று மற்றவர்கள் சொல்வார்கள். அடுத்து, படைத்தவர் தன் சந்தேகங்களைக் கேட்பார். பிறகு மற்றவர்கள் அவரிடம் கேட்பார்கள், அந்தக் கேள்விக்குள் தீர்ப்பு ஒளிந்திருக்கக் கூடாது. 'ஏன் இவ்வளவு இழுத்தீர்கள்?' என்பது தீர்ப்பு. 'இந்தப் பகுதி வாசகருக்கு என்ன தர வேண்டும் என்று நினைத்தீர்கள்?' என்பதுதான் கேள்வி. கருத்து கடைசியில்தான், அதுவும் சொல்லலாமா என்று கேட்டு, அவர் சரி என்றால் மட்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது இரண்டாவது படி. 'கதையில் அம்மா ஏன் பேசாமல் எழுந்து போகிறாள் என்று புரிந்ததா?' என்று எழுதியவரே கேட்டுவிட்டால், வாசிப்பவர் அந்த இடத்தைத் தேடிப் போய்ப் பார்ப்பார். பதிலும் உருப்படியாக வரும்.

அப்புறம், முதல் வரைவா, திருத்தி முடித்ததா என்று கதையின் தலைப்பிலேயே குறிப்பிடலாம். புதியவர்களின் கதைகள் ஒரு பதில்கூட இல்லாமல் கீழே போய்விடுகின்றன. அவற்றை முதலில் வாசிக்க இரண்டு பேர் முறைவைத்துப் பொறுப்பெடுக்கலாம்.

நிர்வாகிகளே, அடுத்த மாதக் கதைகளுக்கு முயன்று பார்ப்போமா? முதல் கதையாக என்னுடையதைத் தருகிறேன்.