அஞ்சறைப் பெட்டியில் கை வைத்தவன்

என் கம்ப்யூட்டர் ரிப்பேர் பையில் இருக்கிற சாமான்களில் ரொம்பத் தேய்ந்து போனது அழிரப்பர். ரேம் என்கிற நினைவகப் பட்டையைக் கழற்றி, அதன் அடியில் தங்க நிறத்தில் இருக்கும் பல்வரிசையை நாலு தேய்ப்பு தேய்த்து மாட்டினால், 'டிஸ்ப்ளே வரலப்பா' என்று கூப்பிட்ட வீடுகளில் பாதி அங்கேயே முடிந்துவிடும். மதுரைத் தூசி அப்படி.

டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் வேலை பார்த்துவிட்டு, இப்போது ஐந்து வருஷமாகத் தனியாக ஓடுகிறேன். எல்லீஸ் நகர், பொன்மேனி, டி.வி.எஸ். நகர், பசுமலை. கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள்; கம்ப்யூட்டரை வாங்கி வைத்துவிட்டு என் நம்பரையும் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். ஒரு தடவை வர முந்நூறு ரூபாய். காபி அவர்கள் கணக்கு. வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்கள், அதனால் சில நாள் ஆறு காபி ஆகிவிடுகிறது.

பொன்மேனியில் ஒரு ஐயா. எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் 'பாதுகாப்பில்லை' என்று வருகிறதாம். ஏற்கெனவே பார்த்த கடைக்காரர் போர்டு போய்விட்டது, ஆறாயிரத்துச் சொச்சம் ஆகும் என்று சொல்லியிருக்கிறார். நான் மூலையில் தேதியைப் பார்த்தேன். 2009 என்று இருந்தது. உள்ளே இருக்கிற சிஆர் 2032 பேட்டரி, மூன்று வோல்ட்டுக்காரன், செத்துப்போயிருக்கிறான். கரண்டு போகும்போதெல்லாம் கடிகாரம் பின்னால் ஓடிவிடும். 2009-இல் நின்றுகொண்டு இன்றைய சைட்டின் பாதுகாப்புச் சான்றிதழைப் பார்த்தால், அது இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவே இல்லை என்றுதானே பிரவுசர் சொல்லும்? பேட்டரி நாற்பது ரூபாய். பழையதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இம்புட்டூண்டு பில்லைக்கா இம்புட்டுப் பாடு?"

இது மாதிரி நாட்களில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறும். அதை இறக்கி வைத்தவர் எல்லீஸ் நகர் டீச்சர்.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு நின்றுபோனதும் எனக்கு அழைப்புகள் கூடின. டீச்சரின் மெஷினில் இருந்தது நான்காம் தலைமுறை இன்டெல். விண்டோஸ் 11 கேட்பதோ எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல். அதனால் அவருடைய மகன் வேறு ஒரு பெட்டி வாங்க ஏற்பாடு செய்துவிட்டார். நான் பழையதிலிருந்து டாக்குமெண்டுகளையெல்லாம் புதியதில் ஏற்றி, பழைய ஹார்ட் டிஸ்க்கைச் சுத்தமாக ஃபார்மட் அடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். வேலை சுத்தம் என்று எனக்குப் பெருமை வேறு.

மறுநாள் காலை ஏழு மணிக்கு போன். "தம்பி, எல்லாம் இங்கிலீஷா மாறிப்போச்சு. என் எழுத்தையெல்லாம் என்ன பண்ணுன?"

போய்ப் பார்த்தேன். 'அம்மா' என்று அவர் அடித்திருந்த இடத்தில் எம், கே, ஓர் அரைப்புள்ளி, கே, எச் என்று கிடந்தது. பக்கம் பக்கமாக இப்படி. மேலே எழுத்துருப் பெட்டியில் 'பாமினி' என்ற பெயர் மட்டும் மிச்சம்; ஆள் இல்லை. கல்யாணத்துக்கு முந்தித் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர் டீச்சர். கைக்குப் பழகிய டைப்ரைட்டர் வரிசை பாமினியில் ஏறக்குறைய அப்படியே வருவதால் அதிலேயே அடித்து வந்திருக்கிறார். பாமினியில் கோப்புக்குள் உண்மையில் கிடப்பது ஆங்கில எழுத்துதான். தமிழ் முகம் முழுக்க அந்த எழுத்துருவில்தான் இருக்கிறது. அது இருந்தது விண்டோஸின் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரில். அதை நான் எடுக்கவில்லை. கேட்கவும் இல்லை.

சோழவந்தானில் அவருடைய அப்பா வைத்திருந்த வெற்றிலைக் கொடிக்கால் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். 2023-இல் சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் பேப்பரில் பார்த்த பிறகு ஆரம்பித்ததாம். அகத்தி நட்டு அதில் கொடி ஏற்றுவதிலிருந்து, வெற்றிலையைக் கவுளிக் கட்டாக எண்ணுவது வரைக்கும் நூற்றுச் சொச்சம் பக்கம்.

கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஒரு டிடிபி கடை அண்ணனிடம் பென்டிரைவை நீட்டினேன். "பாமினியா? அள்ளிட்டுப் போ." போட்டதும் எழுத்து அத்தனையும் திரும்பி வந்துவிட்டது. டீச்சர் முகம் திரும்பவில்லை. "சரி, அழகர் எங்க?"

வால்பேப்பரில் இருந்த அழகர், ஆற்றில் இறங்குகிற தங்கக் குதிரை. அதற்கு இடது பக்கம் பேங்க், வலது பக்கம் பேத்தி போட்டோ, கீழே கொடிக்கால். நான் எல்லாவற்றையும் அகரவரிசையில் அடுக்கி வைத்திருந்தேன். "அடுப்படிக்குள்ள வந்து அஞ்சறைப் பெட்டியில கடுகையும் சீரகத்தையும் மாத்தி வச்சிட்டு, எல்லாம் இருக்குல்லன்னு சொன்னா எப்படிப்பா?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அப்புறம், எந்த மெஷினிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடுக்கு மாற்றித் தருகிறேன் என்றேன். "அதான் வந்துருச்சுல்ல, விடு." மூன்று வாரம் கழித்துக் கோயம்புத்தூரில் இருக்கும் பேத்திக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார், அங்கே மறுபடியும் எம், கே, அரைப்புள்ளி. அதன்பிறகுதான் சம்மதித்தார். மாற்றித் தருகிற மென்பொருளிலும் ஒரு தொந்தரவு: நடுவே வருகிற நிஜமான ஆங்கிலச் சொற்களையும் அது தமிழாக்கிவிடும், வாயில் நுழையாத தமிழாக. இரண்டு சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தினோம். மவுஸ் அவர் கையில். எனக்குச் சம்பளம் வாங்க மனசு வரவில்லை. அவர் விடவும் இல்லை.

அன்றிலிருந்து எந்த வீட்டிலும் முதல் வேலையாக ஸ்க்ரீனை போனில் போட்டோ எடுத்துக்கொள்கிறேன். போன வாரம் பசுமலையில் ரயில்வேயில் ரிட்டையர் ஆனவர் வீடு. போட்டோ எடுத்ததும் சந்தேகம் வந்துவிட்டது. அவரைக் குறை சொல்ல முடியாது. கொஞ்ச நாள் முன்னால்தான் 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள்' என்று சைரன் சத்தத்தோடு ஒன்று வந்து, மனிதர் மெயின் சுவிட்சையே அணைத்திருக்கிறார். நல்ல காரியம். அந்த நம்பருக்குப் பேசியிருந்தால் பணம் போயிருக்கும், அப்புறம் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

"எதுக்குப்பா படம் புடிக்கிற?"

"எது எங்க இருந்துச்சோ அங்கேயே திருப்பி வைக்கத்தான் சார்."

"அப்ப அதையும் திறந்து எடுத்துக்க" என்று, அழித்த ஃபைல்கள் போய் விழுகிற ரீசைக்கிள் பின்னைக் காட்டினார். திறந்தேன். பென்ஷன் ஆர்டர், வீட்டுப் பத்திர ஸ்கேன், எல்.ஐ.சி. ரசீது, எல்லாம் அதற்குள்.

"அதுல போட்டு வச்சா மேல சுத்தமா இருக்குல்ல?"

அதையும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன்.