கெளுத்தி மீனும் கௌரவமும்

"அவா்" என்று தட்டச்சான சொல்லைப் பற்றி, பார்வையற்றவர்களுக்காக மின்னூல்களைத் திருத்தும் எங்களுக்குள் யாரும் சண்டை போடுவதில்லை. ரகரம் நிற்க வேண்டிய இடத்தில் துணைக்காலும் புள்ளியும் நிற்கின்றன. கண்ணுக்கு அது 'அவர்'. எழுத்தை ஒலியாக்கும் பேச்சுப்பொறி படித்தால் 'ர்' ஒலி வராது. துணைக்காலுக்குப் புள்ளி வைக்கும் வழக்கம் தமிழில் இல்லை என்பதால் கோப்பு முழுக்க ஒரே தட்டில் மாற்றிவிடலாம். வம்பெல்லாம் ஔகாரத்தில்தான்.

பழைய தட்டச்சுப்பொறியில் ளகரமே ஔகாரத்தின் பின்பாதியாகவும் உழைத்தது. அந்தப் பழக்கம் யூனிகோடுக்கும் வந்து சேர்ந்தது. 'கௌரவம்' என்பதை 'கெளரவம்' என்று அடித்தாலும் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. ஈஸ்பீக் என்ற பேச்சுப்பொறி மட்டும் 'கெ-ள-ரவம்' என்று உள்ளதை உள்ளபடி படிக்கும். ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீட்டு வரிசைகளை ஒன்றாக்கும் யூனிகோட் இயல்பாக்கமும் கைகொடுக்காது. தனித்தனியாக வந்த கொம்பையும் காலையும் ஒகாரமாகச் சேர்க்கும், ளகரத்தைத் தொடாது.

"மொத்தமா மாத்திடலாமே சார்?"

"மாத்துனா கெளுத்தி என்ன ஆகும்? வெளி, தெளிவு?"

கேள்வி நியாயம்தான். 'கெளுத்தி'யில் இருக்கும் 'கெள' ஔகாரமானால் உகரக்குறி அந்தரத்தில் தொங்கும். அதற்கு வழி உண்டு: ளகரத்தை அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாவிட்டால் மட்டும் மாற்று என்று நிபந்தனை போடலாம். கட்டுரை நூல்களுக்கு அது போதும். வட்டார வழக்குக் கதை வந்தால் கதை கந்தல். 'மெளகா' 'மௌகா' ஆகும்; 'வெளக்கு', 'கெளம்பு' எல்லாம் அதே கதி.

மிஞ்சுவது வேர்ப்பட்டியல்: கெளரவ, மெளன, பெளர்ணமி, பெளத்த, செளகரிய... முழுச் சொல்லாகப் போட்டால் 'கெளரவத்தை' தப்பிவிடும், ஆகவே வேர் மட்டும். இதை என்விடிஏ என்ற திரைவாசிப்பானின் பேச்சு அகராதியில் போடுவதா, கோப்பிலேயே திருத்துவதா? கோப்பில்தான் என்பது என் கட்சி. பேச்சு அகராதி பேச்சை மட்டுமே மாற்றும். பிரெய்ல் திரையில் ளகரம் 4-5-6 புள்ளிகளாக அப்படியே நிற்கும். விரலால் படிக்கும் மாணவர் பரீட்சையில் அதையேதான் எழுதுவார்.

எதிர்வாதமும் லேசானதல்ல. பல வருடம் கேட்டுப் பழகியவர்கள் 'கெ-ள-ரவம்' என்றாலே கௌரவம் என்று எடுத்துக்கொள்கிறார்கள், வேகத்தைக்கூடக் குறைக்காமல். தெரிந்த பிழையைத் தாண்டிவிடலாம். நாம் திருத்தப்போய் முளைத்த புதுப்பிழையை எப்படித் தாண்டுவது? 'மௌகா' என்று கேட்டவர் அது தட்டச்சின் கோளாறா, ஊர்ப் பேச்சா என்று எங்கே போய்ச் சரிபார்ப்பார்? இதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை. ஆனாலும் 'மெளன' என்ற வேரில் அந்த ஆபத்தே கிடையாது.

'கெளவி'யில் இருக்கிறது. நாய் எலும்பைக் 'கெளவி'யது என்றால் ஔகாரம். 'கெளவி' திண்ணையில் உட்கார்ந்திருந்தாள் என்றால் கிழவி. எந்த நிபந்தனையும் இங்கே செல்லாது. அதைப் பட்டியலில் சேர்க்காமல், தேடி நிறுத்தி வாக்கியத்தைப் படித்த பிறகே திருத்துகிறோம். நாயும் கிழவியும் ஒரே பத்தியில் வரும் கதைகளும் உண்டு.