அணுகாது

2020 ஏப்ரல் 5, குருத்தோலை ஞாயிறு
போதகர் வெறும் இருக்கைகளைப் பார்த்துப் பிரசங்கித்தார். இரவுச் செய்தி: கொவிட் தொற்றால் சிங்கப்பூரின் பொங்கோல் எஸ்11, வெஸ்ட்லைட் தோ குவான் வெளிநாட்டு ஊழியர் விடுதிகள் தனிமைப்படுத்தப்பட்டுவிட்டன. ஏறத்தாழ 20,000 ஊழியர்கள். ராமநாதபுரத்துத் தம்பி பொங்கோலில்தான் இருக்கிறான்.

ஏப்ரல் 8
அழைத்தேன். எடுக்கவில்லை.

ஏப்ரல் 10, பெரிய வெள்ளி
மும்மணி நேர ஆராதனை திரையில் முடிந்ததும் தம்பியே அழைத்தான். சபையின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் வருகிற 91ஆம் சங்கீதத்தைப் பற்றிக் கேட்டான். "பக்கத்தில் ஆயிரம் பேர் விழுந்தாலும் உன்னை அணுகாது என்று இருக்கிறதே ஐயா. பக்கத்துக் கட்டில் அண்ணனை நேற்று ஆம்புலன்சில் கொண்டுபோனார்கள். அந்த ஆயிரத்தில் அவரும் ஒருவரா?"

என்னிடம் பதில் இல்லை. ஜெபித்தேன். அவன் ஆமென் சொன்னான்.

ஆலயத்தின் உச்சியிலிருந்து குதிக்கச் சொல்லிச் சாத்தான் இயேசுவுக்கு எடுத்துக்காட்டியதும் இதே சங்கீதம்தான். அவர் குதிக்கவில்லை. 1527இல் ஜெர்மனியின் விட்டன்பர்க்கில் கொள்ளைநோய் வந்தபோது சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் ஊரைவிட்டு ஓடவில்லை. ஆனால் மருந்து சாப்பிடு, வீட்டுக்குப் புகை போடு, நீ தேவைப்படாத இடத்துக்குப் போகாதே என்று எழுதினார். தேவைப்படுகிற இடம் பொங்கோல். அங்கே யாரும் நுழைய முடியாது. அப்படியானால் ஊழியம் என்பது என்ன? தொலைபேசியா?

ஏப்ரல் 12, ஈஸ்டர்
உயிர்த்தெழுந்தார்.
வீட்டிலேயே அப்பமும் திராட்சைரசமும் வைத்துத் திரை முன் திருவிருந்து எடுக்கலாமா என்று குழுவில் வாக்குவாதம். போதகர் வேண்டாம் என்றார். பலருக்கு மனவருத்தம். நான் போதகர் பக்கம். கொரிந்தியருக்குப் பவுல் சொன்னது, கூடிவரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்பது. விடுதி அறையில் இருப்பவனுக்கு அப்பம் கிடைக்காதபோது நான் மட்டும் எப்படி எடுப்பேன்? பசித்தே இருப்போம்.

ஏப்ரல் 20
இன்று ஒரே நாளில் 1,426 பேருக்குத் தொற்று. பெரும்பாலும் விடுதிகளில். அந்த ஆயிரம்.

ஏப்ரல் 22
கிருமிப் பரவல் முறியடிப்புத் திட்டம் என்கிற ஊரடங்கு ஜூன் 1 வரை நீடிக்கிறது. நேற்று சபையின் மூத்த அம்மா ஒருவர் காலமானார். கொவிட் இல்லை, முதுமை. அடக்க ஆராதனைக்குப் பத்துப் பேருக்குத்தான் அனுமதி. அவருக்குப் பேரப்பிள்ளைகளே அதற்கு மேல். யார் உள்ளே, யார் வெளியே என்று மகன் பெயர்ப்பட்டியல் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தார். மண்டாய் தகனச்சாலையில் யாரும் யாரையும் தொடவில்லை.

ஏப்ரல் 25
தம்பிக்குத் தொற்று. நோயாளிகளைத் தங்கவைக்கும் எக்ஸ்போ கண்காட்சி அரங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

ஏப்ரல் 27
குழுவில் மறுபடியும் 91. நான் 88ஐப் பகிர்ந்தேன். விடிவே இல்லாமல் இருளில் முடிகிற சங்கீதம். அதுவும் வேதத்தில்தானே இருக்கிறது! ஒருவரும் ஆமென் போடவில்லை. போதகர் மட்டும் தனியாக அழைத்தார். ஞாயிறு அதையே பிரசங்கிக்கப் போகிறாராம். அழுதுவிட்டேன்.

ஏப்ரல் 30
தம்பிக்குக் காய்ச்சல் விடவில்லை. தனக்காக ஜெபிக்கச் சொன்னான், பக்கத்துப் படுக்கை வங்காளதேசத்துக்காரருக்காகவும். அவர் பெயரை அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஞாயிறு ஜெபத்தில் இரண்டு பெயரும் வர வேண்டும். மற்றவர் முஸ்லிம் என்று யாரேனும் தயங்கினால் நானே வாசிப்பேன்.