விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு: ஒலிப்பதிவு பழகிய அனுபவம்

லினக்ஸுக்கு மாறியபோது ஒலிப்பதிவு மென்பொருளைப் பழகுவதுதான் சிரமமாக இருக்கும் என்று நினைத்தேன். லினக்ஸில் ஓடும் ஆர்டர் (Ardour) என்ற ஒலிப்பதிவு மென்பொருளைத் திறந்து பார்த்தால் டிராக், மிக்ஸர், பிளக்இன் (கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்) எல்லாம் தெரிந்த முகங்கள். நிஜமான குழப்பம் அதற்குக் கீழே இருந்தது. விண்டோஸில் ஒலிப்பதிவில் தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ (ASIO) டிரைவரை நிறுவியதோடு சரி, ஒலி எந்த வழியாக வந்து போகிறது என்று யோசித்ததே இல்லை. இங்கே ஆல்சா, பல்ஸ்ஆடியோ, ஜாக், பைப்வயர் என்று நான்கு பெயர்கள் வந்து நின்றன.

விஷயம் இவ்வளவுதான். கணினியின் ஒலி வன்பொருளோடு நேரடியாகப் பேசுவது ஆல்சா. அன்றாட ஒலிகளைக் கவனித்தது பல்ஸ்ஆடியோ. தாமதம் மிகக் குறைவான ஒலிப்பதிவுக்கு ஜாக். இந்த இரண்டு வேலையையும் இப்போது பைப்வயரே பார்த்துக்கொள்கிறது. ஃபெடோரா என்ற லினக்ஸ் வகை 2021இல் வந்த 34ஆம் பதிப்பிலேயே இதற்கு மாறிவிட்டது. அதனால் "முதலில் ஜாக்கை இயக்குங்கள்" என்று தொடங்கும் வழிகாட்டி கண்ணில் பட்டால், அது எந்த ஆண்டில் எழுதியது என்று பார்த்துவிடுங்கள். பாதித் தலைவலி குறையும்.

ஆர்டரில் ஜாக்கையே தேர்ந்தெடுத்தேன். பின்னால் பைப்வயர்தான் ஜாக் வேடத்தில் பதில் சொல்கிறது. அடுத்தது பஃபர், அதாவது ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அனுப்பும் தற்காலிக இடம். அது பெரிதானால் தாமதமும் கூடும். 48,000 ஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் என்றால் அதுவே 21 மில்லிவினாடி. என் குரலையே ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டு பாட முடியவில்லை. 128க்கு இறக்கினால் 3 மில்லிவினாடிக்கும் குறைவு, ஆனால் இடையிடையே படபடவென்று சத்தம். கணினி நேரத்துக்குள் பஃபரைக் கையாள முடியாமல் ஒலி அறுபடும் இதைத்தான் எக்ஸ்ரன் என்கிறார்கள். என் பயனர் கணக்குக்கு ரியல்டைம் முன்னுரிமை (ஒலி வேலையை மற்ற வேலைகளுக்கு முன்னால் செய்யவைப்பது) அனுமதி கொடுத்து, பிராசஸரை மின்சேமிப்பு நிலையிலிருந்து எடுத்த பிறகு அடங்கியது. பாடிப் பதியும்போது 128, மிக்ஸிங்கில் 1024 என்று இப்போது மாற்றி மாற்றி வைத்துக்கொள்கிறேன்.

எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது கியூபிடபிள்யூகிராஃப் (qpwgraph) என்ற நிரல். ஓடுகிற நிரல்கள் எல்லாம் பெட்டிகளாகத் தெரியும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கோடு இழுத்தால் ஒலி போய்ச் சேரும். பிரௌசரில் ஓடுவதை ஆர்டர் டிராக்கில் பதிய ஒரு கோடு போதும். விண்டோஸில் இதற்கென்று தனியாக ஒரு மென்பொருள் வைத்திருந்தேன்.

விண்டோஸ் மென்பொருளில் செய்த என் பழைய பாடல்களை பிராஜெக்ட் கோப்பாகக் கொண்டுவர எனக்கு வழி கிடைக்கவில்லை. மாறுவதற்கு முன்பே ஒவ்வொரு டிராக்கையும் முழு நீளத்துக்கு வேவ் கோப்பாக எடுத்து வைத்துவிடுங்கள். ஈக்யூ (ஒலியின் கனம், கூர்மையைச் சரிசெய்வது), கம்ப்ரசர் (சத்த ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது) இரண்டுக்கும் லினக்ஸில் கிடைக்கும் எல்எஸ்பி (LSP) பிளக்இன்களே போதுமாக இருக்கின்றன. விட மனமில்லாத சில விண்டோஸ் பிளக்இன்களை வைன் (விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டுவது), யாபிரிட்ஜ் (அந்த பிளக்இன்களை லினக்ஸ் மென்பொருளோடு இணைப்பது) துணையோடு ஓட்டுகிறேன். உரிமச் சரிபார்ப்பில் கெடுபிடி காட்டுபவை மட்டும் மசியவில்லை.

மைக்கைக் கணினியோடு இணைக்கும் என் யூஎஸ்பி இன்டர்ஃபேஸ் கருவி, டிரைவர் எதுவும் கேட்காமல் செருகியதும் வேலை செய்தது. 'ப்ரோ ஆடியோ' புரொஃபைலுக்கு மாற்றினால்தான் எல்லா உள்ளீடுகளும் தனித்தனியாகத் தெரிந்தன. அந்தக் கருவிக்குள் இருக்கும் ஃபர்ம்வேர் மென்பொருளைப் புதுப்பிக்கும் நிரல் மட்டும் லினக்ஸுக்குக் கிடையாது. அந்த ஒரு வேலைக்காக விண்டோஸ் பார்ட்டிஷனை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.