கினுகாவா: குளியலுக்கு நூறு மார்க், சாப்பாட்டுக்குச் சண்டை

முதலில் காசு விஷயம். ஜப்பானில் ரியோகான் எனப்படும் பாரம்பரிய விடுதிகளில் வாடகை அறைக்கு அல்ல, தலைக்கு. வலைத்தளத்தில் ஒரு விலையைப் பார்த்து "பரவாயில்லையே" என்றேன். மனைவி அதை இரண்டால் பெருக்கிக் காட்டியதும் வாயை மூடிக்கொண்டேன். இரவு உணவும் காலை உணவும் அதில் அடக்கம் என்பதுதான் ஒரே ஆறுதல்.

போனது நிக்கோ பக்கத்தில் இருக்கும் கினுகாவா ஒன்சென் என்ற வெந்நீர் ஊற்று ஊர். டோக்கியோ அசகுசாவிலிருந்து டோபு என்ற தனியார் கம்பெனியின் சிறப்பு விரைவு ரயிலில் இரண்டு மணி நேரம். வெளிநாட்டுப் பயணிகள் வாங்கும் ஜே.ஆர். ரயில் பாஸ் இதில் செல்லாது, அதனால் டிக்கெட்டுக்கும் தனியாக ஆளுக்கு 3,000 யென்னுக்கு மேல் அழ வேண்டும்.

விடுதி ஏதோ சின்ன மரவீடு என்று கற்பனை செய்யாதீர்கள். ஆற்றுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் நிற்கும் பிரம்மாண்டமான கான்கிரீட் கட்டடம். வரவேற்பறை சாலை மட்டத்தில், குளியல் லிஃப்டில் கீழே இறங்கிப் போனால் ஆற்றை ஒட்டி. நடுவில் விருந்து மண்டபம், வீடியோ கேம் அறை, பரிசுப்பொருள் கடை. அறைக்குள் நுழைந்தால்தான் டாடாமி பாய் வாசனையும், யுகாட்டா எனப்படும் பருத்தி அங்கியும். யுகாட்டாவில் இடப்பக்கம் மேலே வர வேண்டும். மாற்றிக் கட்டினால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை!

இப்போது சாப்பாடு. மனைவி சுத்த சைவம். முன்கூட்டியே மின்னஞ்சலில் சொல்லி, சரி என்று பதிலும் வந்திருந்தது. மேஜையில் முதலில் வந்து உட்கார்ந்ததே பச்சை மீன். பணிப்பெண் பதறி, குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டு எடுத்துப் போனார். ஆனால் சூப்? உலர்ந்த கட்சுவோ மீனைச் சீவிப் போட்டு எடுத்த சாறு அது. துண்டு கண்ணில் படவில்லை என்றால் சைவம் என்பது அவர்கள் கணக்கு. கடைசியில் அவள் வயிற்றைக் காப்பாற்றியது யூபா. நிக்கோ பக்கத்துப் பிரபல அயிட்டம், சோயாபால் காய்ச்சும்போது படியும் ஆடை. குட்டி அடுப்பில் நீலக் கட்டி எரிபொருளைப் பற்றவைத்து, நம் கண்ணெதிரே பாலைச் சூடாக்கி, ஆடை படியப் படியக் குச்சியால் தூக்கிச் சாப்பிட வேண்டும். அதை மட்டும் இன்னொரு சட்டி கேட்டோம், சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். அவளுக்கு வராத மீன் எல்லாம் எனக்கு வந்ததா என்றால், அதுவும் இல்லை.

ஆனால் அந்தக் குளியல் இருக்கிறதே! துணி எதுவும் கூடாது, நீச்சலுடை உட்பட. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம் என்பதால் ஐந்து நிமிடத்தில் கூச்சம் போய்விடும். சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்த பிறகுதான் தொட்டியில் இறங்க வேண்டும். இந்த ஊர் வெந்நீரில் கந்தக நாற்றம் இல்லை, உடம்பு வழவழவென்று ஆகிறது. திறந்தவெளித் தொட்டியில் கழுத்தளவு வெந்நீரில் இருந்து பார்த்தால், அக்கரையில் ஜன்னல் உடைந்த பாழடைந்த ஹோட்டல்கள். 1990களில் பொருளாதாரக் குமிழி உடைந்து, கம்பெனிக் கூட்டங்கள் பேருந்து பேருந்தாக வருவது நின்றுபோக, ஒவ்வொன்றாக மூடியவை. இடிக்கக்கூடக் காசு போட ஆளில்லை. சுற்றுலாக் கையேட்டுப் படங்களில் இவை வராது, எனக்கோ ஆற்றைவிட இவைதான் சுவாரசியம்.

ஒரு எச்சரிக்கை: இரவோடு இரவாக ஆண், பெண் குளியலறைகளை மாற்றிவிடுவார்கள். காலையில் தூக்கக் கலக்கத்தில் போகாமல் வாசல் திரையைப் பாருங்கள்.

பத்து மணிக்குக் காலி செய்யும்போது குளியல் வரி தனி. சின்னத் தொகைதான், ஆனாலும் கடுப்பு. சைவர்களாக இருந்தால் உணவில்லாத கட்டணத்தில் அறையெடுத்து, டோக்கியோவிலேயே ரொட்டி, பழம் வாங்கிக்கொண்டு போங்கள். வார நாளில் போங்கள், சனி இரவுக் கட்டணம் தாங்காது.