ஏழு நாளும் 33

காலையில் வீட்டுக்குள் கொடியில் போட்ட துண்டு, சாயங்காலம் தொட்டுப் பார்த்தபோதும் ஈரமாகவே இருந்தது. ஓரத்தைப் பிடித்தால் விரலில் பிசுபிசுப்பு.

வாரம் முழுவதுக்குமான வானிலையைக் கைபேசியில் பார்த்தேன். ஏழு நாளும் 33 டிகிரி. அதன் கீழே சின்ன எழுத்தில், உணரும் வெப்பம் 41.

கடலோரத்தில் இருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்தச் சின்ன எழுத்தைத்தான். வியர்ப்பதால் மட்டும் உடம்பு குளிராது, வியர்வை காய வேண்டும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் துண்டும் காயாது, வியர்வையும் காயாது.

கடற்காற்று வந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். கடலைவிடத் தரை சீக்கிரம் சூடாகி, அதன் மேலுள்ள காற்று எழும்பும். அந்த இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வரும். அது தாமதமாகும் நாள்தான் கொடுமை.

புதன்கிழமை மழைக்கு 30 சதவீத வாய்ப்பு. இதே மாதிரி பத்து நாள் இருந்தால் மூன்று நாள் பெய்யும், அவ்வளவுதான். அதை நம்பி எதையும் தள்ளிப்போட முடியாது.

தம்பிக்கு வெயிலில்தான் வேலை. “33ஐ விடுடா, 41ஐப் பார்” என்றேன்.

நாளைக்கு இரண்டு பாட்டில் தண்ணீரை இப்போதே நிரப்பி வைத்திருக்கிறான்.