‘பிரச்சினை தீர்ந்தது’

மைக்ரோசாஃப்ட் மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பாதுகாப்பு அப்டேட்டுகளை விடுகிறது. 2003-லிருந்து இதுதான் வழக்கம். அங்கே அமெரிக்காவின் மேற்குக் கரையில் காலை பத்து மணி என்றால் சிங்கப்பூரில் புதன் அதிகாலை ஒன்றோ இரண்டோ ஆகிவிடும். அதனால் இங்கே கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் எங்களுக்கு அது புதன்கிழமைத் தலைவலி. அன்றைக்கு லீவு கேட்டால் மேனேஜர் முகம் மாறும்.

2025 செப்டம்பரில் அப்படி ஒரு புதன்கிழமைதான் சிங்கப்பூரின் மேற்குக் கோடியில், துவாஸில் உள்ள ஒரு கிடங்குக்குப் போனேன். 2017-ல் எம்ஆர்டி ரயில் அதுவரை நீண்டது எங்களைப் போன்றவர்கள் செய்த புண்ணியம். டிஸ்பேட்ச் கவுண்டரில் நான்கு சிஸ்டம். நான்கிலும் விண்டோஸ் 10. அந்த அக்டோபர் 14-உடன் அதற்கான மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு முடியவிருந்தது. எதை மாற்றலாம், எதைத் தூக்கிப் போடலாம் என்று முடிவெடுக்கும் முன் எல்லாவற்றையும் அப்டேட் செய்து வைக்க வேண்டும். நான்குமே அடம் பிடித்தன. திரையில் ஒரே எண்: 80070005.

இந்த எண்ணைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை மிச்சம். முதலில் உள்ள 8 ‘தோல்வி’ என்கிறது. நடுவில் உள்ள 7 அது விண்டோஸின் அடிப்படைப் பிழைப் பட்டியலிலிருந்து வந்தது என்று காட்டுகிறது. கடைசி 5-க்குப் பொருள் ‘அனுமதி இல்லை’. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்திலும் 5-க்கு இதே பொருள்தான். இவ்வளவும் தெரிந்திருந்தும் நான் முதலில் ஆன்டிவைரஸைத்தான் சந்தேகப்பட்டேன். அதை நிறுத்திப் பார்த்தேன். சிஸ்டம் ஃபைல்களைச் சோதிக்கும் கட்டளையை ஓடவிட்டேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்றது. ஒன்றரை மணி நேரம் போச்சு.

அப்புறம்தான் வழக்கமான வைத்தியம். அப்டேட் சர்வீஸை நிறுத்திவிட்டு, விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ‘சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன்’ ஃபோல்டரின் பெயரை மாற்றினால் அடுத்த முறை புதிதாக ஒன்று உருவாகும். பத்தில் ஏழெட்டு கேஸ் அதில் தீர்ந்துவிடும். ஆனால் இங்கே பெயரை மாற்றவே அனுமதி இல்லை. அட்மின் நான், ஃபோல்டருக்குள் நுழையக்கூட விடவில்லை. பக்கத்து அறையில் அதே மாடல் சிஸ்டம் ஒன்று ஒழுங்காக அப்டேட் ஆகிக்கொண்டிருந்தது. அதில் அந்த ஃபோல்டர் தாராளமாகத் திறந்தது.

எந்த புரோகிராம் எந்த ஃபைலைத் தொடுகிறது என்று காட்டும் பிராசஸ் மானிட்டரை ஓடவிட்டு, ‘அக்சஸ் டினைட்’ (அனுமதி மறுப்பு) வரிகள் மட்டும் தெரிகிற மாதிரி வடிகட்டினேன். ஒரே ஃபோல்டர் பெயர் திரை முழுக்க ஓடியது. கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்தது வேறு யாருமில்லை, விண்டோஸ் தன் சொந்த வேலைகளுக்கு வைத்திருக்கும் ‘சிஸ்டம்’ என்ற கணக்குதான். ஃபோல்டரின் உடைமையை டேக்ஓன் கட்டளையால் என் பக்கம் எடுத்த பிறகுதான் பர்மிஷன் பட்டியலே கண்ணில் பட்டது. ‘எவ்ரிஒன்’ (எல்லாரும்) என்ற பெயருக்கு எதிரே ‘டினை’ (மறுப்பு) பத்தியில் வரிசையாக டிக்.

எவ்ரிஒன் என்றதும் நாம் ஆட்களை நினைக்கிறோம். விண்டோஸுக்கு அந்தச் சொல்லில் சிஸ்டம் கணக்கும் அடக்கம். ஒரே இடத்தில் அனுமதியும் மறுப்பும் நேரடியாக எழுதியிருந்தால் மறுப்புத்தான் ஜெயிக்கும். ஆக, வீட்டைப் பூட்டியவர் வீட்டுக்காரரையும் சேர்த்தே வெளியே தள்ளியிருக்கிறார்.

யார் பூட்டியது? தணிக்கைப் பதிவை முன்பே இயக்கி வைத்திருந்தால் ஒழிய விண்டோஸ் அதைச் சொல்லாது. நிறுவிய அப்டேட்டுகளின் பட்டியலைத் திறந்தேன். கடைசித் தேதி 2023 ஜனவரி 17. கவுண்டரைப் பார்த்துக்கொள்ளும் மன்னார்குடி அண்ணனிடம் கேட்டேன்.

“அண்ணே, அந்தச் சமயத்துல இங்க ஏதாவது நடந்துச்சா?”

அவர் கோப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி) பையை மேசைக் கம்பியில் மாட்டிவிட்டுச் சிரித்தார். “சீனப் புத்தாண்டு வாரம் தம்பி. வாசல்ல ஆரஞ்சுப் பெட்டி மலை மாதிரி நிக்குது. ராத்திரி ஏழு மணிக்கு லேபிள் அடிச்சுக்கிட்டு இருக்கும்போதே நாலும் ஒண்ணா ரீஸ்டார்ட் ஆகிடுச்சு. லாரிக்காரனுங்க என் அப்பா அம்மாவை எல்லாம் இழுத்துட்டானுங்க. மறுநாள் உங்க கம்பெனியில இருந்து ஒரு தம்பி வந்து, இனிமே இது வாயே திறக்காதுன்னு சொல்லிட்டுப் போனார். அதே மாதிரி திறக்கவே இல்லையே!”

உங்க கம்பெனி. அந்த வேலைக்கான பழைய டிக்கெட்டை, அதாவது புகார்ப் பதிவை, தேடி எடுத்தேன். ஒரே வரி: ‘பிரச்சினை தீர்ந்தது.’ எழுதியவர் வேறு வேலைக்குப் போய் வெகு காலம். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. லாரிக்காரர்கள் கத்துகிற இடத்தில் நானும் ஏதாவது குறுக்குவழியைத்தான் பிடித்திருப்பேன். அந்த ஒரு வரிதான் உறுத்தியது. என் பழைய டிக்கெட்டுகளையும் கொஞ்சம் புரட்டினேன். ‘ஓகே இப்போது’ என்று மட்டும் எழுதி மூடியவை பதினான்கு. பதினைந்தாவதைத் தேடவில்லை.

பர்மிஷன்களை ஐகேக்ல்ஸ் கட்டளையால் பழைய நிலைக்குத் திருப்பி, உடைமையை மறக்காமல் சிஸ்டம் கணக்கிடமே ஒப்படைத்தேன். பலர் இந்தக் கடைசிப் படியை விட்டுவிடுகிறார்கள். அப்டேட் இறங்கத் தொடங்கியது. ஆனால் அண்ணனின் பிரச்சினை இன்னும் அங்கேயே இருந்தது. விண்டோஸ் 10 தானாக வைத்துக்கொள்ளும் ‘ஆக்டிவ் அவர்ஸ்’, அதாவது அப்டேட்டுக்காகத் தானாக ரீஸ்டார்ட் ஆகாத நேரம், காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை. இவர்கள் ஷிஃப்ட் காலை ஏழிலிருந்து இரவு பதினொன்று வரை. அன்று ஏழு மணிக்கு அது ரீஸ்டார்ட் ஆனதில் ஆச்சரியமே இல்லை. அதிகபட்சம் பதினெட்டு மணி நேரம் வைக்கலாம். நான்கிலும் காலை ஆறு முதல் நள்ளிரவு வரை என்று வைத்தேன்.

“நடுவுல நின்னா உனக்குத்தான் போன்” என்று என் எண்ணைப் பதிந்துகொண்டார்.

அக்டோபர் 16, வியாழன். காலை ஏழு பத்துக்கு அவர் பெயர் திரையில் மின்னியது. பல் தேய்த்துக்கொண்டிருந்த எனக்கு வயிற்றைக் கலக்கியது.

“லேபிள் வருது தம்பி. சும்மா சொல்லலாம்னு.”